சாம்பலில் நிற்கக் கூடாது

என் மச்சானை ஊரில் எல்லோரும் கோடு என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போதுகூட ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு வரைபடத்தில் கோடு இழுத்துக்கொண்டிருப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? எங்கள் ஏரியைச் சுற்றி மலைகள். மலைகளில் மரம் வெட்டுகிறவர்கள் லாரி போக வரப் போட்ட சரளைப் பாதைகள் ஏராளம். எந்தப் பாதை எதோடு போய்ச் சேரும், எந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், குடிக்கத் தண்ணீர் எங்கே என்று மச்சான் சைக்கிளில் போய்ப் பார்ப்பான். போன வழியைப் பதிவு செய்து வலைத்தளத்தில் போடுவான். வெளியூர்க்காரர்கள் அந்தக் கோட்டை இறக்கிக்கொண்டு, கைப்பிடியில் மாட்டிய சின்னத் திரை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் மிதிப்பார்கள். எதிரே மதில் இருக்கிறதா, மாடு நிற்கிறதா என்று நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

நான் அவன் அக்காவைக் கட்டியவன். சைக்கிள் ரிப்பேர்காரன். கீழே கடை, மேலே வீடு, பின்னால் ஒரு முற்றம். முற்றத்தில் ஒரு குழாய், சைக்கிளைத் தூக்கி மாட்ட ஒரு ஸ்டாண்டு, அடைத்துக்கொள்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு சாக்கடை. மச்சான் பாதை கண்டுபிடிப்பான், ஆட்களைக் கூட்டிப் போவான், படத்துக்குப் பல்லைக் காட்டுவான். அவன் மலையிலிருந்து கொண்டுவரும் சேற்றையெல்லாம் கழுவி விடுவது நான். வேலையை நன்றாகத்தான் பங்கு போட்டிருந்தோம்.

என் மகள் படித்து முடித்ததும் வேறு ஏதாவது வேலைக்குப் போ என்று நானும் என் மனைவியும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினோம். மாமாவோடு சைக்கிளில்தான் போவேன் என்றுவிட்டாள். கூட்டமாகப் போகும்போது மச்சான் முன்னால் போவான், இவள் கடைசியில். கடைசி ஆளுக்கு இவர்கள் பாஷையில் ‘வால்’ என்று பெயர். வாலுக்கு ஒரே ஒரு சட்டம். யாரையும் தாண்டிப் போகக் கூடாது. டயரில் காற்று இறங்கினாலும், மூச்சு வாங்கினாலும், ஒரு பூவைப் படம் எடுக்க வேண்டுமென்றாலும், ஒருவர் நின்றால் வாலும் அவரோடு நிற்க வேண்டும். இத்தனை வருடத்தில் இவர்கள் ஒருவரைக்கூட மலையில் விட்டுவிட்டு வந்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே மச்சானுக்கு மார்பு கொஞ்சம் அகலமாகிவிட்டது.

அவனுக்கு இருந்த ஒரே மனக்குறை ஏரியை முழுதாகச் சுற்ற முடியாததுதான். கிழக்குக் கரையில் பாறை செங்குத்தாகத் தண்ணீரில் இறங்குகிறது. அங்கே பாதை கிடையாது. அதுவரை போய்விட்டு வந்த வழியே திரும்ப வேண்டும். “லாடம் மாதிரியே நிக்குது அத்தான், வட்டமாக மாட்டேங்குது” என்று என்னிடம் புலம்புவான். “உனக்கு ஒரு பொண்ணு பாத்தா எல்லாம் வட்டமாகும்” என்பேன். அந்தப் பேச்சை எடுத்தால் ஆள் அங்கே நிற்க மாட்டான்.

ஏரியின் ஒரு கோடியில் அணை இருக்கிறது. குளிர்காலத்தில் மின்சாரத்துக்காகத் தண்ணீரை இறக்குவார்கள். வெயில் ஏறி மலையில் பனி உருகினால் ஏரி மறுபடி நிரம்பும். இந்தக் குளிர்காலத்தில் என்றுமில்லாத அளவுக்கு இறக்கிவிட்டார்கள். கிழக்குப் பாறைக்கு அடியில் ஏரியின் தரை வெளியே வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில், காய்ந்து வெடித்து, மேசை மாதிரி தட்டையாகக் கிடந்தது. மச்சான் அதில் சைக்கிளை இறக்கிப் பார்த்தான். ஓடியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் தலைகால் புரியாமல் ஆடினான், அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். லாடம் வட்டமாகிவிட்டது. அந்தத் தரைக்குச் சாம்பல் என்றும் அந்தப் பாதைக்கு முழுச் சுற்று என்றும் பெயர் வைத்து வலைத்தளத்தில் ஏற்றினான். எத்தனையோ பேர் இறக்கிக்கொண்டார்கள். சீசனின் முதல் பயணமே முழுச் சுற்றுதான் என்று அறிவித்தும் விட்டான்.

நான் சாம்பலை நேரில் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் முற்றத்தில் கழுவும்போது தெரிந்ததுதான்.

முதலில் அது தூசியாக வந்தது. உலர்ந்த பிரஷ்ஷால் நாலு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக அவன் சைக்கிள் வீடு திரும்பியதில்லை. பிறகு ஒரு நாள் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கட்டி கட்டியாக எதுவோ ஒட்டியிருந்தது. மேலே காய்ந்த தோல், உடைத்தால் உள்ளே ஈரம். குழாயைத் திருப்பியதும் முற்றம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. வாரக்கணக்கில் ஒரு சொட்டு மழை இல்லை. குழாயை மூடிவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

“மச்சான், இது என்ன நாத்தம்?”

“ஏரி நாத்தம் அத்தான். பன்னீரா வரும்?”

“விளையாடாத. மேல காஞ்சிருக்கு, உள்ள கஞ்சியா இருக்கு. தண்ணி கீழேருந்து ஏறுதுடா. மலையில பனி உருக ஆரம்பிச்சாச்சு.”

“நீங்க சக்கரத்தைப் பாருங்க, ஏரியை நான் பாத்துக்கறேன்.” சிரித்தான். “ஓடிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது. நின்னாத்தான் எடை இறங்கும்.”

“நின்னா?”

“யாரு நிக்கப் போறா?”

வீட்டில் இதைச் சொல்லியிருக்கலாம். என் மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். விடியும்போது போனால் சாயங்காலம்தான் வருவாள், முற்றத்தில் நடக்கிற பேச்சு எதுவும் அவள் காதுக்குப் போகாது. சொன்னால் தம்பியைப் பிடித்து உலுக்கிவிடுவாள். அவன் ரோஷக்காரன், சாப்பிடாமல் கிடப்பான். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிய, நடுவில் மாட்டிக்கொண்டு தூது போவது நானாக இருக்கும். அந்தத் தொல்லைக்குப் பயந்து, இன்னும் நாள் இருக்கிறதே, அவனே பார்த்து விட்டுவிடுவான் என்று இருந்துவிட்டேன்.

பயணத்துக்கு முந்தின நாள் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். சக்கரத்தின் நடுக்குடம்வரை கறுப்புச் சேறு, அவன் கால்சட்டையில் இடுப்புவரை ஈரம். வாசலிலேயே ஷூவைக் கழற்றி, சைக்கிளைப் பின்பக்கம் கொண்டுபோய்த் தானே கழுவி மாட்டினான். தட்டுக்கூடக் கழுவாதவன்.

“இதென்னடா?”

“ஓரமா இறங்கிட்டேன். கோட்டுல போனா ஒண்ணும் இல்ல.” இந்த முறை சிரிக்கவில்லை.

“தள்ளிப் போடு மச்சான். உன் காலைப் பிடிக்கிறேன்.”

“வெளியூர்லேருந்து ஆளுங்க வந்து இறங்கியாச்சு அத்தான். முழுச் சுற்றுன்னு கூப்பிட்டுட்டு லாடத்தைக் காட்டச் சொல்றீங்களா? நாளைக்கு ஒரு நாள். அப்புறம் நானே மூடிடறேன்.”

“அப்போ பாப்பாவை விட்டுட்டுப் போ.”

“அதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க” என்று மாடிக்குப் போய்விட்டான். அவள்தான் எங்கள் எல்லோரையும்விடப் பிடிவாதக்காரி என்று அவனுக்குத் தெரியும்.

காலையில் கடை வாசல் முழுக்க சைக்கிள். ஒரு பள்ளி ஆசிரியர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஒரு பல் டாக்டர், இன்னும் சிலர். பல் டாக்டரின் சைக்கிள் அவர் பார்க்கும் பற்களைவிடப் பளபளப்பாக இருந்தது. சக்கரமே என் வேனைவிட விலை கூட இருக்கும். அதைத் தொட்டுக் காற்றுப் பார்க்கக்கூட என்னை விடவில்லை, அவரே பார்த்துக்கொண்டார். மாடி ஜன்னலிலிருந்து என் மனைவி கத்தினாள்.

“தம்பி, பாப்பாவைப் பத்திரமா கூட்டிட்டு வா.”

“என் உயிரு அக்கா அது” என்று மச்சான் கையை ஆட்டினான்.

நான் மகளைத் தனியாக முற்றத்துக்குக் கூப்பிட்டேன். அவள் சைக்கிளின் டயரை அழுத்திப் பார்ப்பது போல நான் குனிந்துகொண்டே சொன்னேன்.

“சாம்பல்ல யாரு நின்னாலும் நீ நிக்காத.”

“வாலு நிக்காம போனா அதுக்குப் பேரு வாலாப்பா?”

“பேரு என்னவா வேணா இருக்கட்டும். நிக்க மாட்டேன்னு சொல்லு.”

“யாராவது விழுந்தா?”

“விழட்டும். நான் அந்தப் பக்கம் வேனோட இருப்பேன், நான் பாத்துக்கறேன். நீ வந்து சேரு.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்பாவா இப்படிப் பேசுவது என்கிற பார்வை. “பாக்கலாம்” என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாக்கலாமாவது கேக்கலாமாவது, சத்தியம் பண்ணு என்று அவள் கையைப் பிடித்தேன். “சரி, சரி, விடுங்கப்பா” என்று பிடுங்கிக்கொண்டு போனாள். அந்தச் சரி எந்த வகைச் சரி என்று தெரியாமலே நான் வேனில் ஏணியையும் பலகைகளையும் கயிற்றையும் ஏற்றினேன்.

“கூரை மாத்தப் போறீங்களா?” என்று ஜன்னலிலிருந்து கேட்டாள் மனைவி.

“சும்மா கெடக்கட்டும்” என்றேன்.

மச்சான் வழக்கமான பேச்சைப் பேசினான். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்போம், யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு கொஞ்சம் தயங்கி, “சாம்பல்ல மட்டும் யாரும் நிக்க வேண்டாம். போட்டோகூட வேண்டாம். மிதிச்சிட்டே வாங்க” என்றான். கையுறையைச் சரி செய்துகொண்டிருந்த பல் டாக்டர் அதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் மலை ஏறினார்கள். நான் அணை வழியாகச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போனேன். சாம்பல் முடிகிற இடத்தில் ஒரு பழைய படகுத்துறை இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்குவதற்காகப் போட்ட சிமெண்ட் சரிவு இப்போது சாம்பலில் போய் முடிந்தது. வேனை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமே இல்லை. நல்ல வெயிலில், வெடித்து, உலர்ந்து, சிறுவர்கள் பந்து விளையாடலாம் போல இருந்தது. நடுவில் சைக்கிள் போன தடங்கள் ஒரே கோடாகப் போயின. மச்சானின் கோடு.

ஒரு கல்லை எடுத்து வீசினேன். உருளவில்லை. தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அது போன ஓட்டை கறுப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் தண்ணீர் ஊறி மேலே வந்தது. சரிவின் முனையிலிருந்து ஒரு காலை வைத்தேன். கணுக்கால்வரை தாங்கியது போலிருந்தது, பிறகு தாங்கவில்லை. முழங்காலை வெளியே இழுப்பதற்குள் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஷூ உள்ளேயே நின்றுவிட்டது.

மச்சானுக்குப் போன் போட்டேன். மலை மடிப்பில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்துகொண்டேதான் போட்டேன். மகளுக்குப் போட்டேன். மறுபடி மச்சானுக்கு. அவர்களைத் தடுக்க வேண்டுமானால் சாம்பலைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும், அல்லது அணையைச் சுற்றி, அவர்கள் இறங்கி வரும் காட்டுப் பாதைக்குப் போக வேண்டும். அதற்குள் வந்துவிடுவார்கள். மதியம் ஆனதும் காற்று ஆரம்பித்தது. ஏரியின் நீளத்துக்கு வந்த காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. தூரத்தில் கோடாக மின்னிய தண்ணீர் கொஞ்சம் கிட்டே வந்தது போலிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். வந்துதான் இருந்தது.

பிறகு சாம்பலின் மறுகோடியில் மரங்களுக்கு நடுவிலிருந்து மச்சானின் மஞ்சள் சட்டை வந்தது. அவன் பின்னால் ஒவ்வொருவராக. நான் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசினேன். “வராதே! திரும்பு! திரும்பு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று என் பக்கம் அடித்தது. அவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஒரு ஆள் சட்டையைக் கழற்றிச் சுற்றினால் உற்சாகப்படுத்துகிறான் என்றுதானே நினைப்பார்கள்? புதுப்பெண் எனக்குக் கையை ஆட்டினாள்.

மச்சான் சாம்பலில் இறங்கினான். வேகமாக வந்தான். அவன் சக்கரத்துக்கு அடியில் தரை லேசாக நெளிந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் விரித்த பாய் மாதிரி. அவன் வந்து சிமெண்ட்டில் ஏறினான். புதுமாப்பிள்ளை, புதுப்பெண், ஆசிரியர் எல்லோரும் வந்து ஏறினார்கள். “என்ன சார், ரப்பர் மேல ஓட்டற மாதிரி இருக்கு” என்று ஆசிரியர் சிரித்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. என் கண் கடைசியில் வந்த சிவப்பு ஹெல்மெட்டில் இருந்தது. அவளுக்கு முன்னால் பல் டாக்டர்.

சிமெண்ட் சரிவுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பல் டாக்டரின் டயர் சீறியது. அது எனக்குக் கேட்கவில்லை, அவர் தலை குனிந்ததிலிருந்து தெரிந்தது. காற்றில்லாத டயரில் இன்னும் பத்து மிதி மிதித்திருந்தால் சக்கரத்தின் விளிம்பு போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எந்தச் சைக்கிள்காரனும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் செய்வதைத்தான் அவரும் செய்தார். அந்த விலை உயர்ந்த சக்கரத்தைக் காப்பாற்ற பிரேக்கைப் பிடித்தார். காலைக் கீழே ஊன்றினார். தரை அவர் காலை வாங்கிக்கொண்டது.

என் மகள் அவரை நெருங்கினாள். “நிக்காதே! நிக்காதே!” என்று கத்தினேன். அவள் கைப்பிடி ஒரு கணம் ஆடியது. டாக்டர் கையை நீட்டினார். அவள் தலை அவர் பக்கம் திரும்பியது, திரும்பியபடியே இருந்தது. ஆனால் கால்கள் நிற்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வந்து சிமெண்ட்டில் மோதி விழுந்தாள். நான் அவளைச் சைக்கிளோடு சேர்த்து அள்ளிக்கொண்டேன்.

பின்னால் ஒரு மனிதர் இடுப்புவரை சேற்றில் நின்று ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது? சந்தோஷம்தான். என் பேச்சைக் கேட்டாள், என் மகள் வந்துவிட்டாள் என்று நெஞ்சு முழுக்கச் சந்தோஷம்.

“அவரை விட்டுட்டு வந்துட்டேன்பா” என்றாள்.

மச்சான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். வேனிலிருந்து ஏணியை இழுத்துச் சாம்பலில் கிடத்தி, அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்தான். நான் பின்னாலிருந்து பலகைகளைத் தள்ளினேன். ஆசிரியர் சாலைவரை ஓடி, சிக்னல் பிடித்து, மீட்புக்காரர்களைக் கூப்பிட்டார். படகு அணையிலிருந்து வர வேண்டுமாம். ஏணியின் நுனி டாக்டருக்கு எட்டவில்லை. மச்சான் அதிலிருந்து இறங்கி, ஒரு பலகைமேல் மண்டியிட்டு, கையால் அவர் கால்களைச் சுற்றித் தோண்டினான். அதற்குள் தண்ணீர் மெல்லிய தகடாக அங்கே வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

டாக்டரை விடுவித்து ஏணிப் பக்கம் தள்ளினான். பயந்த மனிதர் என்ன செய்வார்? மச்சானின் தோளை மிதித்துத்தான் ஏணியில் தொற்றினார். நாங்கள் கயிற்றால் ஏணியை இழுத்தோம். அவர் வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது மச்சான் மார்புவரை உள்ளே போயிருந்தான். பலகையைக் காணவில்லை.

ஏணியை மறுபடி தள்ளினோம். தண்ணீர் அதைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பியது. கயிற்றை வீசினேன், பிடித்துக் கையில் சுற்றிக்கொண்டான். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். கயிறு எங்கள் கையைத்தான் அறுத்தது, அவன் ஒரு அங்குலம் நகரவில்லை. சேறு அவனைக் கொடுக்கவில்லை. பனி உருகிய தண்ணீர், அவன் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

“அத்தான்” என்று கூப்பிட்டான். “பாப்பாவை வேனுக்குள்ள உக்கார வைங்க. அவ பாக்க வேணாம்.”

“பேசாதடா. படகு வருது.”

“கூட்டிட்டுப் போங்க அத்தான்.”

நான் அவளை வேனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஓடி வந்து கயிற்றைப் பிடித்தேன். அதன் மறுமுனையில் பாரம் இருந்தது, ஆனால் பிடிக்கிற கை இல்லை. படகு வந்தபோது அங்கே தண்ணீர் மட்டம்தான் இருந்தது. மறுநாள்தான் அவனை எடுத்தார்கள்.

அன்று மாலை மகளோடு வேனில் திரும்பினேன். அணையைத் தாண்டும்போது, “நான் சொன்னதைக் கேட்ட, அது போதும்மா. பழியெல்லாம் என்னுது” என்றேன்.

“நீங்க சொன்னதுக்காக நான் நிக்காம வரலப்பா.”

வேனை ஓரமாக நிறுத்தினேன்.

“நீங்க சொன்னதை நான் கேட்டிருக்க மாட்டேன். நின்னிருப்பேன். மாமாதான் சொன்னாரு. மலை உச்சியில எல்லாரும் தண்ணி குடிக்கும்போது என்னைத் தனியா கூப்பிட்டாரு. நேத்து நடந்து பாத்தேன், இடுப்பு வரைக்கும் போயிட்டேன், சைக்கிளைப் பிடிச்சுத்தான் வெளிய வந்தேன்னாரு. அப்பாகிட்ட சொல்லாதன்னாரு. யாரு விழுந்தாலும் நீ நிக்காத, நான் திரும்பி வந்து பாத்துக்கறேன்னு என் தலைமேல கைவச்சு சொன்னாரு.”

“அப்போ அவனுக்குத் தெரியும்.”

“தெரியும்பா.”

எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவனை உயிரோடு பிடித்து நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. தெரிந்தே இத்தனை பேரை இறக்கினான். தெரிந்தே என் மகளை இறக்கினான். அவள் உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அவனால்தான். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவளும் அழுதாள்.

சில நாள் கழித்து, காலையில் கடை வாசலில் இரண்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். காற்று அடித்துக் கொடுத்தேன்.

“அண்ணே, முழுச் சுற்றுக்கு எந்தப் பக்கம் போகணும்?”

“அப்படி ஒரு பாதை கிடையாது.”

“காட்டுதே” என்று திரையை என் முகத்துக்கு நேராகத் திருப்பினான் ஒருவன். ஏரியைச் சுற்றி வட்டமாக ஒரு நீலக்கோடு. என் மகள் அதை வலைத்தளத்திலிருந்து அன்றே எடுத்துவிட்டாள். எடுத்து என்ன செய்ய? இறக்கிக்கொண்டவர்களிடம் இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புகிறார். சாம்பல் இப்போது தண்ணீருக்கடியில் இருக்கிறது, ஆனால் அடுத்த குளிர்காலத்தில் இறக்குவார்களே. நான் போட்ட சத்தத்தில் அந்தப் பையன்கள் வந்த வழியே ஓடினார்கள்.

சத்தம் கேட்டு என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அன்றிலிருந்து அவள் பஸ் எடுக்கவில்லை. தலை வாரவில்லை. படியில் உட்கார்ந்தாள். மகள் ஸ்டாண்டில் ஒரு சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அவனுக்குத் தெரியாதுல்ல?” என்றாள் மனைவி.

“எது?”

“உள்ள சேறா இருக்குன்னு. தெரிஞ்சிருந்தா கூட்டிட்டுப் போயிருக்க மாட்டான்ல? எம்பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டான்ல?”

மகளின் கை நின்றுவிட்டது. நான் அவளைப் பார்க்கவில்லை. என் மனைவி அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனுக்கு இவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை, பாப்பாவைப் பத்திரமா கூட்டிட்டு வா என்பது. பாப்பாவைத் தன் உயிர் என்று சொல்லிவிட்டுப் போனவன். தெரிந்துதான் போனான் என்று சொன்னால் இவளுக்குத் தம்பி என்று நினைத்துப் பார்க்கக்கூட ஒருவன் மிஞ்ச மாட்டான்.

“தெரியாது” என்றேன். “அவனுக்கு ஒண்ணுமே தெரியாது.”

அவள் கண்ணை மூடித் தலையாட்டினாள். முகம் கொஞ்சம் இளகியது. எனக்கும் மூச்சு வந்தது. பிறகு கண்ணைத் திறந்து, புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கு?”

நான் கையில் இருந்த காற்றுப் பம்பைக் கீழே வைத்தேன்.

“தினமும் அந்தச் சேத்தைக் கழுவினது நீங்கதானே? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“அவன்கிட்ட சொன்னீங்களா?”

“அம்மா...” என்று மகள் ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

“சொல்லல” என்றேன்.

என் மனைவி கத்தவில்லை, அழவுமில்லை. மெதுவாக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மேலே கதவு சாத்திக்கொண்டது. மகள் கையைத் துடைத்துவிட்டு வந்து, அவள் அம்மா உட்கார்ந்திருந்த படியில் என்னையும் இழுத்து உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.